எடைமேடைக்கு எண்பது அடி

அபு மிஷாரி ஏலத்தில் எடுத்த பதினோரு லாரி இரும்பில்
கடைசி லாரியில் வந்தது.
கிரேன் பெல்ட்டை அவிழ்த்ததும்
அம்காரா மணலில் ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது
லீவு மறுக்கப்பட்டவன் மாதிரி.

டாங்கியைத் துளைக்கிற பீரங்கி என்றார் ஃபோர்மேன் தங்கச்சன்.
துளைத்ததா தெரியாது.
குழலுக்குள் டார்ச் அடித்தேன்:
குருவிக்கூடு, பெப்சி டின்,
திருகித் திருகிப் போகும் வரிகள்.
பின்கதவை யாரோ முன்னமே கழற்றியிருந்தார்கள்,
அந்தக் கோடியில் காசளவு வெளிச்சம்.

பீரங்கி என்றால் இழுத்துப்போக வண்டி வேண்டும்.
இதற்கும் கொக்கி உண்டு.
ஆனால் இடது காலின்மேல் ஒரு தகரப் பெட்டி,
அதற்குள்
இரு பக்கமும் சிலிண்டரை நீட்டிக்கொண்டு
ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின்.
தகட்டில் ருஷ்ய எழுத்து.
எனக்குப் படிக்க முடிந்தது பதினான்கு என்ற எண் மட்டும்.
குதிரைகளாக இருக்கும்.
வாலில் சின்னச் சக்கரம், ஸ்டியரிங்,
ஒருத்தன் உட்கார இரும்புத் தட்டு.
இழுத்து வந்த வண்டி எரிந்துபோனால்,
டிரைவர் ஓடிப்போனால்
தானே போய்க்கொள்ள.

திண்டுக்கல் நாகல்நகரில் ஆறு வருஷம்
புல்லட்டுக்குக் கார்புரேட்டர் கழுவியவன் நான்.
இங்கே கேஸ் கட்டர்.
வெட்டத்தான் சம்பளம்.

பதினொன்றிலிருந்து நாலுவரை வெயில் தடை.
எல்லோரும் கன்டெய்னர் நிழலில் சாய்ந்திருக்க
பிளக்கை எமரித் தாளில் தேய்த்தேன்.
டேங்கை மூன்று தரம் அலசினேன், மூன்று தரமும் மணல்.
ஹைலக்ஸில் குழாய் விட்டு உறிஞ்சியதில்
வாயெல்லாம் பெட்ரோல்.
சில்ஹெட் பையன் மொமினுல்
ஒரு காயிலும் பேட்டரியும் கொண்டுவந்து வைத்தான்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

இருபத்தேழாவது உதையில் இருமியது.
முப்பதாவதில்
பிடித்துக்கொண்டது.

தட்டில் உட்கார்ந்து கியர் போட்டேன்.
இரண்டு டன்னுக்கு மேல், நகர்ந்தது.
தேருக்குப் பின்னால் நடப்போமே
அப்படி நடந்தார்கள் எல்லோரும்,
மொமினுல் கைதட்டிக்கொண்டு,
வேண்டடா, வேண்டடா என்று சிரித்தபடி தங்கச்சன்.

குகதாசன் மட்டும் வரவில்லை.
ஊர் பரந்தன் பக்கம்,
நான்கு வருஷத்தில் அவன் எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.
அவன்தான் எழுந்து ஓடிவந்தான்.
"விலத்துங்கோ! விலத்துங்கோ!
இது வால்பக்கமாப் போற சாமான்.
நீங்கள் நிக்கிறது வாய்க்கு முன்னால."

திரும்பிப் பார்த்தேன்.
தானாகப் போகும்போது அதற்கு முன் என்பது பின்.
விட்டுவந்த வழியைப் பார்த்தபடியே வருகிறது குழல்.
கருப்பாய் ஒரு வட்டம்,
அதற்கு நேராக மொமினுலின் மஞ்சள் பனியன்.
குண்டு கிடையாது. கதவே கிடையாது.
இருந்தும் கைதட்டல் நின்றுவிட்டது.
பாதி கடித்த குப்பூஸோடு
பக்கவாட்டில் நகர்ந்தார்கள், ஒவ்வொருவராக.

எடைமேடைக்கு எண்பது அடி.
அதற்கப்பால் கேட்,
கேட்டுக்கு அப்பால் ஜஹ்ரா ரோடு.
கேட் திறந்துதான் இருந்தது.
டேங்கில் இன்னும் அரை லிட்டர்.

எடைமேடையில் ஏற்றி நிறுத்தினேன்.
2,290 என்றது எண் பலகை.
ஏசி அறையிலிருந்து அபு மிஷாரி வந்தார்,
எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
எண்ணைப் பார்த்தார்.
"இன்ஸில்" என்றார். இறங்கு.
இறங்கினேன்.
2,229.
அந்த எண்ணைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கட்டரை எடுக்கப்போனால்
அது குகதாசன் கையில் இருந்தது.
"குழலை நான் வெட்டுறன்."
அவனாக ஒரு வேலை கேட்டது அன்றுதான்.
வாயிலிருந்து ஒரு முழம் அளந்து
சாக்பீஸால் கோடு போட்டான்,
அழித்தான், இன்னும் உள்ளே தள்ளிப் போட்டான்.

என் வாயில் இன்னும் பெட்ரோல் வாடை,
நெருப்புப் பக்கம் வராதே என்றார் தங்கச்சன்.
தள்ளிப்போய் நின்றேன்,
எங்கே நிற்கலாம் என்று
குகதாசனிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு.