எழுபத்தாறாவது பாகம்

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கு மேல்மாடியில்
ரத்தம் சுத்திகரிக்கும் எங்கள் நிலையம்.
ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம்,
எல்லோருக்கும் சேர்த்து ஒரு தொலைக்காட்சி.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
அந்தச் சீன நாடகம் ஏன் இப்படி ஓடுகிறது,
ஐந்துக்கு எத்தனை தருவீர்கள்,
உடைக்கு? நடிப்புக்கு? திருப்பங்களுக்கு?
கையில் ஊசி இருந்தது.
பிறகு சொல்கிறேன் என்றேன்.

முதல் வாரம் யாருக்கும் பிடிக்கவில்லை.
எந்த ராணி எந்த ராணி என்று
கொண்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.
ஆனால் அந்த அரண்மனையில்
ஓயாமல் தேநீர் குடிக்கிறார்கள்.
நாளுக்கு அரை லிட்டருக்கு மேல்
தண்ணீர் தொடக்கூடாதவர்கள் முன்னால்
கிண்ணம் உயரும்போதெல்லாம்
ஆறு தொண்டைகள் ஏறி இறங்கும்.
"நஞ்சாக இருந்தாலும் பரவாயில்லை,
ஒரு மடக்கு" என்றார் பரஞ்சோதி.
அன்றிலிருந்து யாரும் சேனல் மாற்றவில்லை.

பரஞ்சோதிக்குச் சர்க்கரையில் கண் போய்
உருவம் மட்டும்தான் தெரியும்.
கீழே ஓடும் மலாய் எழுத்தைக்
காக் ரொக்கியா படித்துச் சொல்வாள்.
ஆகவே ராணி கதறி முடித்து,
சலவைத்தூள் விளம்பரம் வந்த பிறகுதான்
அவருக்கு அழுகை வரும்.

ஊய் அங்கிளுக்கு நேர் எதிர்.
அவருடைய "ஐயோ" அரை நொடி முன்னால் வந்துவிடும்.
(இந்த ஊரில் அந்தச் சொல் எல்லா இனத்துக்கும் பொது.)
வீட்டில் பேரன் வைத்த பெட்டியில்
முழுக்கதையும் பார்த்துவிட்டு வருகிறார் மனிதர்.
எனக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை.
இரவு வேலை முடிந்து
நானும் பார்த்துவிட்டேன்.

ராணிக்கு ஒரு தோழி.
மண்டியிடுவாள், தேநீர் ஏந்துவாள்,
நஞ்சா என்று முதலில் குடித்துப் பார்ப்பாள்.
பள்ளியில் படித்த பழம்பாட்டிலும்
தோழி எல்லோருக்காகவும் பேசுவாள்,
அவளுக்குப் பெயர் கிடையாது.
செவிலிக்கும் கிடையாது.

அறுபத்தொன்றாம் பாகத்தன்று
ரொக்கியா சொன்னாள், திங்கட்கிழமை இதய அறுவை.
ஊசி குத்தாத கையை ஊய் பக்கம் நீட்டி,
"உனக்குத் தெரியும். முடிவைச் சொல்.
அந்தத் தோழி என்ன ஆகிறாள்?"

ஊய் இயந்திரத்தின் எண்களைப் பார்த்தார்.
பசார் மலாயில் மெதுவாகச் சொன்னார்:
"பிழைக்கிறாள். மதில் ஏறிக் குதித்து,
படகு பிடித்துத் தெற்கே போய்,
ஒரு துறைமுகத்தில் மீன் பொரித்து விற்கிறாள்."
"என்ன மீன்?"
"கெம்போங்."
ரொக்கியா தலையாட்டினாள்.
ரத்த அழுத்தம் குறைந்திருந்ததை எழுதிக்கொண்டேன்.

வெற்றி என்றால் மறு ஒளிபரப்பு.
கழுத்துவரை ஏறிய தழும்போடு
ரொக்கியா திரும்பி வந்தபோது
நாடகம் அவளுக்காகக் காத்திருந்ததுபோல்
மறுபடி எழுபத்துநான்கில் நின்றது.

கடைசி நாள் ரிமோட்டைக் காணவில்லை.
ஊய் அங்கிளின் போர்வைக்கடியில் இருந்தது.
ரொக்கியா கேட்கவில்லை, கையை விட்டு எடுத்தாள்.

ராணிக்கு வந்த கிண்ணத்தைத்
தோழி இரண்டு கையாலும் வாங்கினாள்.
யாரும் எச்சில் விழுங்கவில்லை.
விழுந்தவள் பக்கம் கேமரா நிற்கக்கூட இல்லை,
ராணியின் கொண்டைக்குப் போய்விட்டது.

"என்ன சொல்றாங்க?" என்றார் பரஞ்சோதி.

எழுத்து ஓடியது. ரொக்கியா படிக்கவில்லை.
ஏதோ ஒரு இயந்திரம் கூவியது.
கூவட்டும் என்று நின்றேன்.

பிறகு அவள் படித்தாள்,
திரையில் இல்லாத வரியை:
"படகு வந்துவிட்டதாம்."

"படுத்துக் கிடக்கிற மாதிரி தெரியுதே?"

"படகில்தான் படுத்திருக்கிறாள். களைப்பு."

ஊய் அங்கிள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரஞ்சோதிக்கு ஊசி எடுத்தேன்.
எடுத்த இடத்தைப் பத்து நிமிடம்
அழுத்திப் பிடிக்க வேண்டும்.
போய்ப் பிழைப்புக்கு என்ன செய்வாள் என்று கேட்டார்.
"கெம்போங்" என்றார்கள் இரண்டு பேரும்,
ஊய் அரை நொடி முன்னால்.

அந்தப் பத்து நிமிடமும்
மீன் விலையைப் பற்றியே பேசினார்.
கிலோ இப்போது என்ன தெரியுமா,
தனி மனுஷிக்கு எண்ணெய்ச் செலவு வேறு,
பெரிய துறைமுகமாக இருந்தால்
சமாளித்துக்கொள்வாள் என்றார்.