எண்ணிக்கையின் வாலில்

தாலின் நகரம், அமைச்சகத்தின் நான்காம் மாடி.
டிசம்பர். மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
லீவியின் கணினித் திரையில், கடைசிக் கட்டத்தில்,
விடை வந்து நிற்கிறது:
இரண்டாயிரத்து நாற்பத்தைந்தில்
இந்த நாட்டுக் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து மூட
மூன்று புள்ளி நான்கு பேர்.

மூன்று பேர், சரி.
அந்தப் புள்ளி நான்கு
எந்தக் கிழமை வேலைக்கு வரும்?
நள்ளிரவில் போன் அடித்தால்
எந்தக் காதால் கேட்கும்?

'மூன்று என்று போடு' என்கிறார்
நிதித்துறையிலிருந்து வந்த தர்மோ.
'ஒருத்திக்குப் பிரசவம், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால்
மிச்சமுள்ளவன் தூங்கவே கூடாது' என்கிறார் ஊர்மாஸ்.
முப்பது வருடமாக அறுத்துத் தைப்பவர்.
'அப்படியானால் நான்கு.'
'வருடத்துக்குத் தொண்ணூறு நெஞ்சு.
நால்வர் பங்கு போட்டால்
கைக்குப் பழக்கம் விட்டுப்போகும்.'
'ஆளை நறுக்கவா சொல்கிறீர்கள்?'
'நறுக்குவது சுலபம்' என்றார்.
'தைக்கத்தான் ஆள் இல்லை.'

(எண்ணிக்கை என்று எழுதிப் பார்க்கிறேன்.
வாலில் ஒரு கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.
தமிழ் அறியாத லீவிக்கு
அதைச் சொல்ல வழியில்லை.)

நாற்பத்தைந்தில் கத்தியைப் பிடிக்கப்போகிற ஆள்
இப்போது எட்டாம் வகுப்பு.
வோரு ஊரில், பஸ்ஸின் பின் சீட்டில்,
யாருடைய வீட்டுக்கணக்கையோ
பார்த்து எழுதிக்கொண்டிருக்கலாம்.
அவள் திறக்கப்போகும் நெஞ்சின் அப்பனும் அம்மாவும்
அதே பஸ்ஸில் முன்னும் பின்னும் உட்கார்ந்து
ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல்
காதில் பாட்டு மாட்டியிருக்கலாம்.
அல்லது அவள் பேக்கரி வைக்கலாம்.
இதற்கெல்லாம் அட்டவணையில் பத்தி கிடையாது.

'கடல் தாண்டுவோர்' என்று ஒரு பத்தி உண்டு.
ஹெல்சின்கிக்கு இரண்டு மணி நேரம்,
சம்பளம் கூட.
ஜன்னலுக்கு வெளியே, இதோ,
விளக்கு வரிசையோடு நகர்கிறது அந்தப் பத்தி.

இன்னொரு பத்தி: 'ஓய்வு பெறும் ஆண்டு.'
ஊர்மாஸின் வரிசையில் லீவியே ஊகமாக
அறுபத்தைந்து வயதுக்குக் கணக்கிட்டிருந்தாள்.
அவர் குனிந்து பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
ஒற்றை விரலால் அந்த எண்ணை அழித்தார்.
வேறு எண் போடவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு,
இரவுப் பணி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

மேலிருந்து கீழ்வரை
எல்லாக் கட்டமும் இப்போது 'பிழை' என்கிறது.
தர்மோ காப்பி எடுக்கப் போனார்.
லீவி அந்தக் காலிக் கட்டத்தில்
கர்சரை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.
துடிக்கிறது அது,
நிமிடத்துக்கு அறுபது இருக்கும்.