களிம்பு

ஐயாயிரத்து இருநூறு என்கிறார் ரெமிஜியூஸ்.
புது மோடம். நாலு கொம்பு,
வலையில் மல்லாந்த நண்டு மாதிரி.
"வேகம் பறக்கும்க்கா."

பறந்து எங்கே போக?
நண்டுக் கம்பெனிக் கணக்கு
ராத்திரி பத்துக்குள் தூத்துக்குடி போய்ச் சேரணும்,
அவ்வளவுதான்.
கச்சான் அடிக்கிற நாளில் மட்டும்
தொண்ணூற்றெட்டில் நின்றுகொண்டு
சுற்றுகிறது, சுற்றுகிறது.

தங்கச்சிமடம் கடைத்தெருவில்
விலையைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி
வீடு வந்தேன்.
மொட்டைமாடியில் கேபிள் மூட்டைத் திருகினால்
பச்சைப் பசேலென்று களிம்பு.
செதில் சீவும் கத்தியால் செம்பைச் சுரண்டி,
பால் கவரைச் சுற்றிக் கட்டினேன்.

ஒன்பதே காலுக்குக் கணக்கு போய்விட்டது.

உப்புக்கு விலை பார்க்கத் தெரியாது;
ஐயாயிரத்தையும் அரிக்கும்.
தெரிகிறது.

ஆனாலும் அந்தச் சீட்டை
இன்னும் கிழிக்கவில்லை.