பொருத்தமற்றது

வூச் நகரில், நூற்பாலைத் தெருவில்
பதினேழாம் எண் கட்டடத்தை நான் பார்த்ததில்லை.
இடித்துவிட்டார்கள்.
ஆனால் அதன் மூன்றாம் மாடியில்
ஒரு கட்டிலில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று தெரியும்.
நிலவறைக் காப்பகத்தில் பதினோரு பெட்டிகள்.
துருவேறிய குண்டூசியைப் பிடுங்கி
தாளை ஸ்கேன் செய்து
தலைப்புச்சொல் இடுவது என் வேலை.

முதல் பெட்டி, 1908.
சமூகம் ஓர் உடல் என்று
முன்னுரையில் எழுதுகிறார் செவெரின் டோல்னிட்ஸ்கி.
அதற்கு மூளை உண்டு, குருதி உண்டு,
சொன்னபடி கேட்கும் கைகால்கள் உண்டு.
மூன்றாம் மாடி, அபோலோனியா பிஸ்கோர்ஸ், நெசவாளி.
வலக்கையில் விரல் மூன்று.
மற்ற இரண்டும் தறியோடு போயின.
அவை எந்த உடலின் உறுப்பு என்று
அவர் குறிக்கவில்லை.
படிவத்தின் அடியில், அவர் கையெழுத்திலேயே:
'வாடகை கேட்டேன். சொன்னாள்.
உங்கள் வாடகை எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாள்.
பொருத்தமற்றது.'

அடுத்ததில் உடல் இல்லை, எண்கள்.
தூக்கில் தொங்கியவர்கள், வாயு குடித்தவர்கள்,
தனித்தனியே செத்தவர்கள்
சேர்ந்து ஒரு வளைகோடு ஆகியிருக்கிறார்கள்.
ஆண்டுதோறும் அதே உயரம்.
யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.
மறைப்பானேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.
ஒருவர் துக்கத்துக்குள்
ஊரே உட்கார்ந்திருப்பதை
முதலில் கண்டவருக்கு அன்று தூக்கம் வந்திருக்குமா?

பிறகு, மாதிரி எடுக்கும் முறை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்.
நசுக்கிப் பார்த்த பருக்கையை
யாரும் பானையில் திரும்பப் போடுவதில்லை.

1934: வேலையற்றோர் தம் வாழ்க்கையை எழுதலாம்,
முதல் பரிசு நூறு ஸ்வோட்டி.
சாயப்பட்டறை இக்னாசி ட்ரேலா நாற்பத்தொரு பக்கம் எழுதினார்,
கூலிச்சீட்டுகளின் முதுகில்.
தபால்தலைக்காகக் காலணியை அடகுவைத்ததை எழுதிய
பக்கத்தின் ஓரத்தில்
பேராசிரியரின் சிவப்பு மை: 'நெறிச்சிதைவு'.
பரிசு வேறொருவருக்கு.

ஐந்தாம் பெட்டி இல்லை. எண் மட்டும் இருக்கிறது.
இரண்டாம் மாடிக் குடும்பங்களின் பெயர்கள்
அதற்குப்பின் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.
பின்வந்த பெட்டிகளில்
யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

1952இல் விடையை முதலில் தட்டச்சு செய்து
கேள்விக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
1967இல் கட்டங்கள், அம்புகள்.
'குடும்பம்' என்ற கட்டத்திலிருந்து
'ஆலை' என்ற கட்டத்துக்கு ஓர் அம்பு
அளவுகோல் பிடித்து, பிசிறில்லாமல்.
அதன்மேல் யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.
படத்தில் வேறெங்கும்
ஆள் இருந்த தடயமே இல்லை.

ஒன்பதாம் பெட்டியில் ஒலிநாடா.
1988. மிரோஸ்வாவா கெம்பா.
'தொழில்: இல்லை' என்று அச்சிட்ட வரியை அடித்துவிட்டு
'காலையில் முதலில் எழுவது யார்?' என்று கேட்கிறாள்.
நாடா முழுக்கப் பதில்.
நடுவில் குழாய் ஒழுகுகிறது,
குழந்தை எதையோ தள்ளிவிடுகிறது.
பிறகு அந்த அம்மாள்:
'அதிருக்கட்டும், உனக்கு வாடகை எவ்வளவு?'

எட்டு வினாடி மௌனம்.
மிரோஸ்வாவா சொல்கிறாள்.
மூன்று மாதப் பாக்கி என்றும் சொல்கிறாள்.
இருவரும் சிரிக்கிறார்கள்.
பின்னர் அவள் எழுதிய கட்டுரையில்
கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று பதினான்கு பக்கம்.
நல்ல கட்டுரை.
அடிக்குறிப்புகளில் பாதி வெளிநாடு.
முதல் பெட்டியை அவள் திறந்ததாகத் தெரியவில்லை.

எண்பது ஆண்டு.
மூன்று விரல்காரி ஒரே மூச்சில் கேட்டதற்கு.

இன்று மாலை அபோலோனியாவின் படிவம் திரையில்.
தலைப்புச்சொல் கட்டாயம் என்கிறது கணினி,
பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்கிறது:
உழைப்பு. விபத்து. பெண்கள்.
'மற்றவை'யைத் திறந்து
'எதிர்க்கேள்வி' என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

என் வாடகை ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஸ்வோட்டி,
வெந்நீர் தனி.