நாலாவது பை

முதல் மழைக்கு விதைத்தேன்.
முளைத்த கம்பை மணற்காற்று மூடியது.
இரண்டாம் மழைக்கு விதைத்தேன்.
அது மழையே இல்லை,
வானம் தொண்டையைச் செருமிய சத்தம்.

மிச்சம் ஒரு சுரைக்குடுக்கை விதை.
இல்லியா அதைப் பார்க்கிறார்,
நான் அவரைப் பார்க்கிறேன்.
கூழுக்கு ஆகும் என்று அவர் சொல்லவில்லை.
அடுத்த மழைக்கு ஆகும் என்று நானும் சொல்லவில்லை.
குடுக்கையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக்
கூடையோடு கிளம்பினேன்.

ஸிண்டேருக்கு வடக்கே
லாரித்தடமும் அழிந்துபோகிற செங்கப்பி மேட்டில்
ஹன்ஸா மட்டும் பச்சையாக நிற்கிறது.
நட்டவர் இல்லை, நீர் விட்டவர் இல்லை.
ஆடு ஓர் இலையைக் கடித்துவிட்டு
இதை யார் வைத்தது என்பதுபோல்
என் முகத்தைப் பார்க்கும்.

பழத்தின் சதையைப் பிள்ளைகள் சப்பிக்கொள்ளட்டும்.
எனக்குக் கொட்டை வேண்டும்.
உரலில் குத்தித் தோல் நீக்கி
பானையில் ஊறப்போட்டுக்
கம்பந்தட்டைப் படலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.
ஹன்ஸா வேகிற வீடென்றால்
குதிர் துடைத்துக் கிடக்கிறதென்று அர்த்தம்.
அந்த வாசம் எங்கள் வாசலைத் தாண்டக்கூடாது.

ஏழு நாள். நாளுக்கொரு தண்ணீர்.
ஒரு நாள் தவறினாலும்
கசப்பு நாக்கோடு நிற்காது, வயிற்றைப் பிடிக்கும்.
குடிக்கவே அளந்து ஊற்றுகிற ஊரில்
கசப்பைக் குளிப்பாட்டத் தண்ணீர்!

கிணறு நாற்பது பாகம்.
கழுதை கயிற்றை இழுத்துக்கொண்டு
வேலமரம்வரை நடந்தால்தான்
ஒரு தோல்பை மேலே வரும்.
வீட்டுக்கு மூன்று பை, அதுதான் வழக்கம்.
எனக்கு முன்னால் தஸல்லா நான்கு இறைத்தாள்.
அவளுக்கு முன்னால் ஃபுரேரா நான்கு.
நான் நாலாவது பையை இறக்கியபோது
எல்லோரும் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொடுத்தபடி
தஸல்லா சொன்னாள்:
"ஐந்தாம் நாள் தண்ணீரைச் சும்மா கொட்டாதே.
குதிரின் காலில் ஊற்று, கரையான் அண்டாது."
எனக்கு அன்று ஐந்தாம் நாள்.
"காலிக் குதிருக்கா?" என்றேன்,
வாய் முந்திவிட்டது.
"காலி என்று கரையானுக்குச் சொல்லியனுப்பினாயா?"
ஃபுரேரா சிரித்த சிரிப்பில்
கழுதை மிரண்டு பாதிவழியில் நின்றது,
பை கிணற்றுக்குள் அந்தரத்தில் ஆடியது.

ஏழாம் நாள் உப்பிட்டு வேகவைத்தேன்,
நாலு சொட்டு எண்ணெய்.
"கொண்டைக்கடலை ஏது?" என்றார் இல்லியா.
"சந்தையில்."
சந்தை வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.
அவர் இன்னும் ஓர் அகப்பை கேட்டார்.

பிறகு ஒரு ராத்திரி மழை.
மெய்யா பொய்யா, யாருக்குத் தெரியும்.
விடியுமுன் குடுக்கையை எடுத்தோம்.
அவர் குழி கொத்திக்கொண்டே முன்னால் போனார்,
நான் ஐந்தாறு மணி போட்டுக்
குதிகாலால் மூடிக்கொண்டே பின்னால்.
கடைசிக் குழியில் குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டினேன்.

படலுக்குப் பின்னால்
இரண்டாம் பானைக்கு
அது மூன்றாம் நாள்.
போய்த் தண்ணீர் மாற்றினேன்.