தொண்ணூற்றொன்று

உடம்பெடை ஐம்பத்தேழு.
அதை ஒன்று புள்ளி ஆறால் பெருக்கு என்றார் டைட்டஸ் அண்ணன்,
பஞ்சர் பசை ஒட்டிய விரலால்
சிமெண்டுத் தரையில் சுண்ணப்பொடியைக் கீறி.
தொண்ணூற்றொரு கிராம் புரதம்.
தினமும்.
கம்பியைத் தொடாத ஞாயிற்றுக்கிழமையும்.

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
பழைய டயர் அடுக்கிய கொட்டகை.
ஒரு கம்பி. எட்டு இரும்புத் தட்டு.
அதில் இரண்டு ஒன்றுக்கொன்று ஜோடியில்லை.

பகலெல்லாம் அண்டி ஆபீஸில்
பருப்பின் தோல் உரிக்கிறேன்.
எட்டுக் கிலோ என் விரல் வழியே போகும்.
நூறு கிராமுக்குப் பதினெட்டு என்று படித்த அன்று
உரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்:
ஆயிரத்து நானூற்று நாற்பது.
என்னைப் போல் பதினைந்து பேரைத் தூக்கி நிறுத்தும்.
சாயங்காலம் வாசலில் மேரி சுகந்தி
டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பாள்,
இடுப்பு மடிப்பைத் தடவுவாள்.
அவளும் பாவம்,
அவளைத் தடவ இன்னொருத்தி இருக்கிறாள்.

மார்த்தாண்டத்தில் புரத மாவு டப்பாவைப் பார்த்தேன்,
கண்ணாடிக்குள், பூட்டுப் போட்டு.
மேலே யாரோ ஒருவனின் தோள்.
விலை என் பத்து நாள் கூலி.
அந்தத் தோளுக்கு ஒரு வணக்கம் போட்டு
பக்கத்துக் கடையில் சிறுபயறு முக்கால் கிலோ வாங்கினேன்.

கிழங்கு பசியை ஏமாற்றும்,
கம்பியை ஏமாற்றாது.
சாளைதான் கைகொடுத்தது.
கடல் கனிந்த மாதங்களில் கூறு முப்பது ரூபாய்.
தேங்காயும் மிளகும் அரைத்து அவியல்,
முள்ளையும் விடாமல் மென்று.

குறும்பனை லூர்தம்மாள் ஒருநாள் தராசை நிறுத்திக் கேட்டாள்:
"என்னா பிள்ளே பிரிசில்லா, தினமும் ரண்டு கூறு?
வயித்துல வல்லதும் உண்டா?"
"உண்டு. எண்பத்தஞ்சு கிலோ."
செவ்வாய்க்கிழமை சொன்ன பதில்
வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில்
எனக்காக ஏறெடுக்கப்பட்டது.
கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால்
கொஞ்சம் கண்ணீரோடு.

ஆனி, ஆடியில் விசைப்படகுகள்
தேங்காப்பட்டணத்தில் கட்டிக் கிடந்தன.
கூறு நூறு தாண்டியது.
வன்பயறு, பொரிகடலை, மறுபடி வன்பயறு.
கம்பிக்கு முன் குனியும்போது
பயறு தன் கணக்கைத் தானே
உரக்கச் சொன்னது.
டைட்டஸ் அண்ணன் ஒன்றும் பேசவில்லை,
எழுந்து போய் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.
எண்பத்தைந்து
முழங்காலுக்கு மேலே வரவேயில்லை.
இரவில் விரல் மடக்கிக் கூட்டினால்
எண்பத்துமூன்று.
எப்படிக் கூட்டினாலும் எட்டு குறையும்.

ஓணத்துக்கு ஆபீஸில் ஆளுக்கொரு பொட்டலம்,
அரைக் கிலோ பிளவுப் பருப்பு.
தொலையாவட்டம் பஸ் ஸ்டாப்பில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
இதில் எது நான் உரித்தது?
அரைக் கிலோவில் தொண்ணூறு கிராம்.
ஒரே இருப்பில் தின்றால் ஒரு நாள் முழுசாகத் தீரும்,
ஒரு கிராம்தான் பாக்கி.
ஒரு பஸ்ஸை விட்டேன்.
இரண்டாவதையும் விட்டேன்.

பேக்கரி ஜெர்வாஸ் நானூறு தந்தார்,
ரண்டு பிளவை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு.
எதிர்க் கடையில் முட்டை ஏழு ரூபாய்.
ஐம்பத்தேழு முட்டை.
என் எடைக்கு எடை என்று
கடைக்காரரிடம் சொன்னேன்,
அவருக்குப் புரியவில்லை.
ஒரு ரூபாய் மிச்சம்.

அட்டை இரண்டு, குழி மூன்று காலி.
பஸ்ஸில் உட்கார இடமில்லை,
கம்பியைப் பிடிக்கக் கையில்லை.
எண்பத்தைந்தைப் பிடிக்கிற பிடி
இதற்கு ஆகாது.
இறக்கத்தில் டிரைவர் ஒரு ஆட்டுக்காகச் சவட்டினார்.
முதுகு நேராக,
முழங்கால் இளக்கி,
மூச்சை வயிற்றில் கட்டி நின்றேன்.
பின்னால் நின்றவர் என் தோளில் மோதி
"ஸாரி சேச்சி" என்றார்.

ஐம்பத்தாறு தப்பியது.
உடைந்ததை அட்டைக் குழியிலிருந்தே
உறிஞ்சிக் குடித்தேன்,
பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

ஆறு கிராம்.
இன்றைக்கு ரெண்டுதான் குறைவு.