கொதிநிலை எண்பத்தாறு

கூம்புக் குடுவையின் வாயில் அலுமினியத் தாள்,
தாளின் நடுவே ஊசி குத்திய துளை.
உள்ளே, பெயர் சொல்லாமல் கொடுத்த திரவம்
மூன்று மில்லி.

எல் ஆல்டோ ஆய்வுக்கூடம், காலை ஒன்பது.
கையுறைக்குள் விரல் விறைக்கிறது இலாரியா திக்கோனாவுக்கு.
தண்ணீர் கொதிக்க, திரவம் ஆவியாகிக்
காற்றைத் துளைவழி துரத்திவிட்டுத்
தான் குடியேறுகிறது.
ஆறவிட்டாள். துடைத்தாள். எடை போட்டாள்.

முப்பத்தாறு என்றது கணக்கு.
பட்டியலில் அந்த எடைக்கு ஆளில்லை.
"தராசு பொய்" என்றான் வில்மர் கிஸ்பெர்ட்.
தராசைத் திட்டி, குடுவையைத் திட்டி,
மறுபடி செய்தார்கள். மறுபடி முப்பத்தாறு.

அப்புறம்தான் பார்த்தாள்:
தளதளக்கும் தண்ணீரில்
வெப்பமானி எண்பத்தாறரையில் நிற்கிறது.
அவள் எழுதியதோ நூறு.
அழுத்தம் எழுநூற்று அறுபது என்றும் எழுதியிருந்தாள்,
ஏதோ கடற்கரையில் பிறந்த பாடப்புத்தகம் சொன்னபடி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
கடலே இல்லாத நாட்டில்!

சுவரில் தொங்கிய பாரமானியைத் தட்டினாள்:
நானூற்று அறுபத்திரண்டு.
இத்தனை மெல்லிய காற்றையா
பிறந்ததிலிருந்து இழுத்து வருகிறோம்?

ஐம்பத்தேழு வந்தது.
அசிட்டோனுக்கு ஒன்று குறைவு.
அந்த ஒன்று எங்கே என்றான் வில்மர்.
அவள் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
அக்காவின் நகப்பூச்சுக் கடை மாதிரி
மணத்துக்கொண்டிருந்தது அறை.